சாய்வாக வெட்டும் கத்தி

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் நலம் என்று பாப்பா தன் பள்ளி விடுதியிலிருந்து பேசும்போது சொன்னாள். நான் போன் செய்தால் எடுப்பதில்லை, மகள் செய்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாய். சரி, அது உங்கள் இருவர் விவகாரம், நான் மூக்கை நுழைக்கவில்லை. "கடிதம் எழுதிப் பாருங்கப்பா, அம்மா படிப்பாங்க" என்றாள். கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது என்று எனக்கே நினைவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போனதிலிருந்து வெளியே சாப்பிட்டு வயிறு கெட்டதுதான் மிச்சம். அதனால் சமைக்க ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்தான் நான், ஆனால் ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிற எனக்கு ஒரு வெங்காயம் வெட்ட வராதா என்று இறங்கினேன். வரவில்லை. குற்றம் என்மேல் இல்லை, கத்திமேல். உன்னுடைய அந்தப் பெரிய கத்தி நேராகவே இறங்க மாட்டேன் என்கிறது. நான் ஒரு பக்கம் அமுக்கினால் அது வலது பக்கம் ஓடுகிறது. தக்காளித் துண்டு மேலே தடியாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் வருகிறது. இத்தனை வருடமும் இந்த ஓட்டைக் கத்தியை வைத்தா காலம் தள்ளினாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வாங்கித் தந்திருப்பேனே.

வீட்டுச் சமையலுக்கு நல்ல கத்தி எது என்று எழுது. எப்போது வருகிறாய் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிட்டால் தபால்தலை மிச்சம்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 11

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை ஏன் எடுப்பதில்லை என்றால், போனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள். "ம்" போட ஒருத்தி தேவை என்றால் அதற்கு நான்தான் வேண்டும் என்றில்லை. கடிதத்தில் அப்படி முடியாது. நீங்கள் முடித்தபிறகு என் முறை வந்தே தீரும்.

இங்கே வேலை பரவாயில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி, நாற்பது பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை, அதற்குச் சாவி என்னிடம் மட்டும். வார்டனம்மா கொஞ்சம் சிடுசிடு, ஆனால் சாப்பிட்டதும் என்ன நன்றாக இருந்தது, எது உப்புக் குறைவு என்று வந்து சொல்வார்.

கத்திக்கு வருகிறேன். விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். பிடியை மட்டும் பிடித்தால் போதாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடியைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் கத்தி முன்னாலும் தொங்கக் கூடாது, பின்னாலும் இழுக்கக் கூடாது. பலகைமேல் வைத்தால் விரல் முட்டி பலகையில் இடிக்காத அளவுக்கு அலகு அகலமாக இருக்க வேண்டும். முதுகு விளிம்பைத் தடவிப் பாருங்கள், அறுத்தால் வேண்டாம். நம் பலகை சின்னது, அதைவிட நீளமான கத்தி வாங்கி என்ன செய்வீர்கள்? துருப்பிடிக்காத எஃகு போதும், நீங்கள் துடைத்து வைக்கப் போவதில்லை. ஒரு பெரியது, பழம் சீவ ஒரு சின்னது. அதற்கு மேல் வாங்கினால் அலங்காரம்.

என் கத்தியில் கோளாறு எதுவும் இல்லை.

எப்போது வருகிறேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

நீ எழுதியது வந்து சேர்வதற்கு முந்தின நாள்தான் வாங்கித் தொலைத்தேன். மரக்கட்டையில் செருகிய ஆறு கத்திகள். கடைக்காரன் வாய்ப்பந்தலில் விழுந்துவிட்டேன். அதில் ஒன்றுக்குப் பல் இருக்கிறது, ஒன்று எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. கூடவே கண்ணாடியில் ஒரு வெட்டுப்பலகையும் வாங்கினேன். கண்ணாடி என்றால் நம்ம சரக்கு, சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நாலே நாளில் பெரிய கத்தி மொக்கையாகிவிட்டது. மொக்கைக் கத்தி வழுக்கி இடது கை விரலில் இறங்கிவிட்டது. தையல் போடவில்லை, கட்டுத்தான். கடையில் லென்ஸைப் பிடிக்க முடியாமல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாடிவீட்டு வங்கிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டம்மாவ கூட்டிட்டு வந்துடுங்க, அதான் செலவு கம்மி" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், தமாஷ்.

மறுபடி உன் கத்தியைத்தான் எடுத்தேன். கூர் என்னவோ கூர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சாய்ந்து சாய்ந்து வெட்டுகிறது. கேரட் வில்லைகள் எல்லாம் ஒரு பக்கம் சப்பை. இதில் கோளாறு இல்லை என்று நீ எழுதுவது வீம்பு.

நீ ஏன் போனாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அடித்தேனா, வைதேனா? குடிக்கிறேனா? அன்றைக்கு நண்பர்கள் சாப்பிட வந்தார்கள், சந்தோஷமாகச் சிரித்தோம், மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டாய். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 1

உங்களுக்கு,

விரல் ஆறிவிட்டதா? கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகையைத் தூக்கிப் பரணில் போடுங்கள், எந்தக் கத்தியும் அதில் பிழைக்காது. வெட்டும்போது இன்னொரு கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள், முட்டி மட்டும் அலகைத் தொடட்டும்.

அன்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறது, எதற்குச் சிரித்தீர்கள் என்பது மறந்துவிட்டது இல்லையா? சொல்கிறேன். நான் உள்ளே கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வங்கிக்காரர் சாப்பாட்டைப் புகழ்ந்தார். நீங்கள், "அவளுக்கு இத விட்டா வேற என்ன தெரியும்?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பாதிக் கோஸை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினேன். அதைவிட மோசமாகப் பேசிய நாட்கள் உண்டு, அதெல்லாம் கோபத்தில். இது கோபத்தில் சொன்னதில்லை. நீங்கள் உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று அன்றுதான் உறைத்தது. சரி, எனக்குத் தெரிந்த அந்த ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று யோசித்தேன்.

வீம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, வீம்பாகவே இருக்கட்டும். அந்தக் கத்தி என் கையில் ஒரு நாளும் சாய்ந்ததில்லை. உங்கள் கையில் ஏன் சாய்கிறது? நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள். பெரிய விஷயம் இல்லை, பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சரியாக எழுதினால், வருவதைப் பற்றிப் பேசலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. இங்கே இருக்கும் கத்திகளில் வேலை செய்து மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. என் கத்தியை அனுப்பிவையுங்கள். அந்த வீட்டில் நானாகப் போய், நானாகப் பார்த்து வாங்கியது அது ஒன்றுதான்.

ஜூலை 12

அன்புள்ள உனக்கு,

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் பேச்சுவாக்கில் வந்திருக்கும். நாலு பேர் இருக்கும்போது மனைவியைப் புகழ்ந்தால் நன்றாகவா இருக்கும்? அதற்காக ஒரு குடும்பத்தையே பாதிக் கோஸோடு விட்டுவிட்டுப் போவார்களா?

கத்தியை அனுப்ப எனக்கு மனமில்லை. உன் புடவைகளைக் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன். கத்தியைக் கேட்கிறாய் என்றால் அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்றுதான் தோன்றுகிறது. பெட்டியில் போட்டுக் கட்டினேன், பிறகு பிரித்து வெளியே எடுத்துவிட்டேன்.

உன் கேள்வியை விடவில்லை. மூன்று நாளாக அதே யோசனை. பாப்பாவிடம் கேட்டேன். அவள் நேராகச் சொல்லாமல், "அம்மா எந்தப் பக்கம் நின்னு வெட்டுவாங்கன்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களாப்பா?" என்றாள். அம்மாவும் பெண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல. உடனே போய்ப் பார்த்தேன். உன் பலகை மேடையின் வலது கோடியில், சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே நின்று வெட்டினால் என் முழங்கை சுவரில் இடிக்கிறது. எப்படித்தான் அந்த மூலையில் நின்றாயோ! ஜன்னல் வெளிச்சத்துக்காக நின்றிருப்பாய் என்று நினைத்தேன். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்தால் கண் ஏமாறும், நேராகத் தெரிவது கோணலாக இருக்கும், என் தொழிலில் இது பாலபாடம். பலகையை நடுவில் நகர்த்தி வைத்து வெட்டிப் பார்த்தேன். அப்படியும் சாய்கிறது. ஆகவே காரணம் வெளிச்சம் இல்லை.

விட மாட்டேன், கண்டுபிடிக்கிறேன். நீ வார்த்தை மாறக் கூடாது.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 20

உங்களுக்கு,

வேலை தலைக்கு மேல். உதவிக்கு இருந்த அக்கா ஊருக்குப் போய்விட்டார். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வெட்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் பாதியில் கோபம் வந்தது. பாதியில் விட்ட கோஸ்தான் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவது பாதியில் சிரித்துவிட்டேன், சமையலறையில் தனியாக. முழங்கை சுவரில் இடித்தது வரைக்கும் வந்துவிட்டீர்கள். கிட்டத்தில் இருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் யோசித்தால் போதும்.

பாப்பாவுக்கு ஆகஸ்டில் விடுமுறை வருகிறது. வார்டனம்மாவிடம் அந்த வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். மனது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தினமும் தபால் பார்க்கிறேன், அதைச் சொல்வதற்கு வெட்கமில்லை.

கத்தியை மட்டும் அனுப்பிவிடுங்கள். நான் அங்கே வந்தாலும் அது என்னோடு வரும். ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே ஒரு துணியில் சுற்றி அனுப்புங்கள்.

ஜூலை 30

அன்புள்ள உனக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்!

இத்தனை நாள் எங்கெங்கோ தேடினேன், விடை கத்தியிலேயே இருந்தது. கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்தேன். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கிறது, இன்னொரு பக்கம் தட்டை. எவனோ ஒரு அரைகுறை சாணை பிடித்துக் கெடுத்திருக்கிறான், அல்லது வாங்கும்போதே உன் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் சரிவு இருந்தால் சாயாமல் என்ன செய்யும்? நீ பழக்கத்தில் சமாளித்திருக்கிறாய், உன் கை அதற்கு ஈடுகொடுத்துப் பழகிவிட்டது. அதுதானே பதில்? புகார் சொல்லாமல் குறையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாய். கத்தியைத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்துக்கொண்டாலும் சரி.

அப்படியே அனுப்பு என்று எழுதியிருந்தாய். குறை தெரிந்தபிறகு அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடையில் பழைய கைச்சக்கரம் ஒன்று இருக்கிறது அல்லவா, லென்ஸ் ஓரம் தேய்ப்பது? லென்ஸ் சட்டத்தில் உட்கார வேண்டுமானால் ஓரம் இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிய வேண்டும். அதே மாதிரி, கடையை அடைத்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, தட்டைப் பக்கத்தைத் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, ஒரு தக்காளியை வெட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. என் கையில் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கும் வரை விடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தக்காளி சூப்தான்.

பிடியும் மோசமாக இருந்தது. கழுத்தருகே ஒரு பக்கம் மட்டும் குழிந்து பள்ளமாகிவிட்டிருந்தது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, அரத்தால் சமப்படுத்தி, வார்னிஷ் அடித்தேன். புதுக் கத்தி தோற்றது போ. என் கையால் உனக்கு ஒன்று செய்து எத்தனை காலமாகிறது! சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது தலைகால் புரியாத சந்தோஷம்.

பொட்டலம் தனியாக வருகிறது. விடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். முன்னறைத் திரைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 9

உங்களுக்கு,

பொட்டலம் வந்தது.

நான் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் தட்டித் தட்டி எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். வீட்டில் சாப்பாட்டையும் பரிமாறுவதையும் மாற்றினார்கள். கத்தி மட்டும் இடது கையிலேயே நின்றுவிட்டது. வெட்டும்போது யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை, அதனால் மாற்றச் சொல்லவும் ஆள் இல்லை. பாப்பா மட்டும் மேடைமேல் உட்கார்ந்து பார்ப்பாள். அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான மூன்றாவது வருடம் அந்தக் கத்தியை வாங்கினேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வாங்கிய கையைப் பார்த்துவிட்டு, "அட, இடது கையாம்மா? இருங்க, இது உங்களுக்குச் சரிப்படாது" என்று உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். இடது கையால் வெட்டுகிறவர்களுக்காக ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தி. யாரும் எதையும் உங்கள் மனைவியின் தலையில் கட்டவில்லை. பிடியில் இருந்த பள்ளம் என் நடுவிரல் உட்காரும் இடம். இத்தனை வருடத்தில் அது தானாக விழுந்தது.

பிரித்ததும் பள்ளத்தைத்தான் தேடினேன். இல்லை. வழுவழுவென்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வார்டனம்மா வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். கோபத்தில் அழவில்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போடவாவது அங்கே வந்திருப்பேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிரியமாகத்தான் செய்திருக்கிறீர்கள், உங்களால் முடிந்த அளவு பிரியமாக. அதுதான் என் நம்பிக்கையைக் கைவிட வைக்கிறது. பிரியமாகச் செய்யும்போதும் நான் உங்கள் கண்ணில் படவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர் நீங்கள், இனி எந்தக் கண்ணாடியை உங்களுக்கு மாட்டச் சொல்வது?

பழையபடி ஆக்க முடியுமா என்று இங்கே சாணை பிடிப்பவரிடம் காட்டினேன். எஃகு மிகவும் போய்விட்டது, இனி தேய்த்தால் அலகு நிற்காது என்றார். அந்த ஒரு பக்கச் சரிவுக்கே பழகிய என் கையில் இப்போது அது சாய்கிறது. வலது கையில் வைத்து வெட்டிப் பார்த்தேன். நேராக, சுத்தமாக இறங்கியது. நல்ல வேலை, அதில் குறை சொல்ல முடியாது.

வீட்டுச் சமையலுக்கு நல்ல கத்தி எது என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இதுதான். அளவு சரி, எடை சரி, உங்கள் கைக்கு நீங்களே தீட்டியது. திருப்பி அனுப்பியிருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு தொட்டியில் போடாதீர்கள். மாதம் ஒரு முறை தீட்டினால் போதும்.

விடுப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடுமுறைக்குப் பாப்பா இங்கே வருகிறாள். அதன்பின் உங்களிடமும் வருவாள். அவளிடம் என்னைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள், பாவம்.

ஆகஸ்ட் 21

அன்புள்ள உனக்கு,

கத்தி வந்து சேர்ந்தது. இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுத மாட்டாய் என்பதும் தெரியும்.

ஐந்து நாள் அதைப் பொட்டலத்திலிருந்து எடுக்கவில்லை. நேற்று எடுத்தேன். நடுவில் இழுத்து வைத்திருந்த பலகையை மறுபடி சுவரோரம், உன் இடத்தில் வைத்தேன். கத்தியை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கை எங்கேயும் இடிக்கவில்லை. வெங்காயம் வெட்டப் பார்த்தேன், வரவில்லை. கத்தி வழுக்கி வழுக்கிப் போயிற்று. நான்கு துண்டாவது போடலாம் என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை.

அந்த இடத்தில் நின்று தலையைக் கொஞ்சம் திருப்பினால் கதவு வழியாக முன்னறை தெரிகிறது. நான் உட்காரும் நாற்காலி முழுதாகத் தெரிகிறது, கால் வைக்கும் முக்காலிகூட. எனக்கு இது தெரியாது.

அப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்தும் மேடை தெரிகிறது.